சைலோசைபின் சிகிச்சை: ஓசிடி, தோற்றக் கவலை, உணவுக் கோளாறு உள்ளவர்கள் இறங்குமுன் செய்ய வேண்டியவை

போதைக் காளான் என்று செய்தித்தாள்கள் எழுதுகிற காளானில் இருக்கும் வேதிப்பொருள் சைலோசைபின். ஆய்வுகளில் காளானைக் கொடுப்பதில்லை. ஆய்வகத்தில் தயாரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து அடைத்த கேப்சூலைத்தான் கொடுக்கிறார்கள். வேண்டாத எண்ணம் ஓயாமல் வந்து, அதை அடக்கக் கழுவுவது, சரிபார்ப்பது போன்ற சடங்குகளைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடிக்கும், "என் முகம் கோரமாக இருக்கிறது" என்று ஓயாமல் வருத்தும் தோற்றக் கவலை நோய்க்கும், எடை கூடுமோ என்று பயந்து பட்டினி கிடக்கவைக்கும் அனோரெக்ஸியாவுக்கும் இது உதவலாம் என்று சில சிறிய ஆய்வுகள் வந்ததிலிருந்து, எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வெளிநாட்டில் ஆய்வில் சேர வாய்ப்புள்ளவர்கள், அவர்கள் வீட்டார், இங்கிருந்தே யோசித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோருக்குமான குறிப்பு இது. மருந்தின் ஆட்டம் சுமார் 6 மணி நேரத்தில் அடங்கிவிடும். அதற்கு முந்தைய வாரங்களிலும் பிந்தைய வாரங்களிலும் நடக்கிற வேலைதான் பலன் நிலைக்குமா கலையுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆதாரம் எவ்வளவு?

ஓசிடிக்கான முதல் நவீன ஆய்வை அரிசோனா பல்கலைக்கழகத்தில் மொரேனோ குழு 2006-இல் வெளியிட்டது. பங்கேற்றவர்கள் 9 பேர். எல்லோருக்கும் அறிகுறிகள் ஏதாவது ஒரு அமர்விலாவது குறைந்தன. ஒருவருக்கு 23 சதவீதம், இன்னொருவருக்கு 100 சதவீதம் என்று அகலமான வித்தியாசம். கவனிக்க வேண்டியது வேறொன்று. கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் என்ற மிகக் குறைந்த அளவிலும் குறைவு தெரிந்தது, அளவைக் கூட்டியபோது பலன் அதே விகிதத்தில் கூடவில்லை. அப்படியென்றால் குறைந்ததில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு எதிர்பார்ப்பால் என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வால் முடியாது.

தோற்றக் கவலை நோய்க்கு, நியூயார்க்கில் ஷ்னையர் குழு 12 பேருக்கு 25 மில்லிகிராம் ஒரே ஒரு முறை கொடுத்து 2023-இல் முடிவை வெளியிட்டது. 12-ஆம் வாரத்தில் 7 பேருக்கு அறிகுறி 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. அதே 2023-இல் சான் டியேகோவில் அனோரெக்ஸியா உள்ள 10 பெண்களுக்கு அதே 25 மில்லிகிராம். மூன்று மாதத்தில் 4 பேருக்கு உணவு, உடல் பற்றிய எண்ணங்கள் குறிப்பிடத்தக்க அளவு தணிந்தன. எடை எல்லோருக்கும் ஒரே திசையில் மாறவில்லை. இந்த இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து இல்லாத குழு கிடையாது. மருந்து கிடைத்ததை வாங்கியவரே உணர்ந்துவிடுவதால், ஒப்பீட்டுக் குழு வைத்தாலும் யாருக்கு எது என்பதை மறைப்பது கடினம். யேல் பல்கலைக்கழக ஓசிடி ஆய்வில் இதற்காகவே உடம்பில் சூடும் சிவப்பும் தரும் நியாசின் என்ற வைட்டமினை மாற்று மருந்தாக வைத்தார்கள்.

ஆக, நம்பிக்கைக்கு இடம் உண்டு. வீட்டை அடமானம் வைத்து விமானம் ஏறும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் சைலோசைபின், எல்எஸ்டி, எம்டிஎம்ஏ மூன்றும் வருகின்றன. சிகிச்சைக்காக என்று சொன்னாலும், கையில் வைத்திருந்தால் வழக்குதான். கொடைக்கானலில் கிடைக்கிறதே என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை: அங்கே விற்பவரும் வாங்குபவரும் கைதாகிறார்கள், காட்டுக் காளானில் வீரியம் ஒன்றுக்கொன்று பல மடங்கு மாறும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் நச்சுக் காளான் கல்லீரலையே முடித்துவிடும். 25 மில்லிகிராம் என்று ஆய்வில் படித்ததைக் கையில் உள்ள காளானோடு பொருத்திப் பார்க்க வழியே இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினை எழுதித் தரலாம். ஆனால் மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு மட்டும்தான். ஓசிடிக்கோ உணவுக் கோளாறுக்கோ அந்த வாசல் திறக்கவில்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் பெற்ற மையங்களில் எடுத்துக்கொள்ளலாம். அதை மருத்துவச் சிகிச்சையாக அந்த மாநிலமே கருதுவதில்லை, கூட இருப்பவர் உங்கள் நோய்க்கு மருத்துவம் பார்க்கக் கூடாது. எனவே இந்த மூன்று நோய்களுக்கும் சரியான வழி, பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வில் சேர்வதுதான். கிளினிக்கல் ட்ரையல்ஸ் டாட் கவ் என்ற தளத்தில் நோயின் பெயரையும் சைலோசைபினையும் போட்டுத் தேடி, ஆள் சேர்க்கும் நிலையில் உள்ளதை மட்டும் எடுங்கள். நீங்கள் வசிக்கும் ஊரிலிருந்து எத்தனை முறை போய்வர வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து நாள் ஒன்றுதான், போக்குவரத்து பல வாரம்.

இதற்கு முன் முடித்திருக்க வேண்டியது

"எல்லாம் பார்த்தாச்சு, எதுவும் கேட்கலை" என்று வருபவர்களின் மருந்துச் சீட்டை விரித்தால், பலருக்குச் சிகிச்சை முழுமையாகக் கிடைக்கவே இல்லை என்பது தெரியும். ஓசிடிக்கு மாத்திரையின் அளவு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூட வேண்டும்: செர்ட்ரலின் 200 மில்லிகிராம் வரை, ஃப்ளூவாக்ஸடின் 60 முதல் 80 வரை. அந்த அளவுக்கு ஏறியபின் 8 முதல் 12 வாரம் பார்க்க வேண்டும். 50 மில்லிகிராம் செர்ட்ரலினை ஒரு மாதம் போட்டுவிட்டு நிறுத்தியதெல்லாம் கணக்கில் வராது.

மாத்திரையைவிட முக்கியமானது இஆர்பி: பயப்படுவதை நேருக்கு நேர் சந்தித்து, அதற்குப் பின் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகும் பயிற்சி. 12 முதல் 20 அமர்வு. வெறுமனே பேசிவிட்டு அனுப்பும் கவுன்சலிங் இஆர்பி ஆகாது. வீட்டுப்பாடம் கொடுத்தார்களா, பயத்தை 0 முதல் 100 வரை எண்ணாகச் சொல்லச் சொன்னார்களா என்று யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் இஆர்பி செய்யவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ஒரு இரவுப் பயணம்.

அனோரெக்ஸியா உள்ள பதின்ம வயதினருக்குப் பெற்றோரே உணவுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் குடும்பச் சிகிச்சைக்குத்தான் ஆதாரம் அதிகம். அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்து வெளியேற்றும் புலிமியாவுக்கு ஃப்ளூவாக்ஸடின் 60 மில்லிகிராம் அங்கீகரிக்கப்பட்ட அளவு. தோற்றக் கவலை உள்ளவர்கள் பெரும்பாலும் முதலில் போவது தோல் மருத்துவரிடமோ அழகு அறுவைச் சிகிச்சைக்கோதான். மூக்கைத் திருத்தினால் கவலை தாடைக்கு இறங்கும், அவ்வளவுதான்.

தகுதிச் சோதனையில் மறைக்கக் கூடாதவை

சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் மறைப்பதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. கீழே உள்ளவை ஒவ்வொன்றும் ஆளைக் காப்பாற்றும் கேள்விகள்.

குடும்ப வரலாறு. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது சிசோஃப்ரெனியாவோ (மனச்சிதைவு) பைபோலாரோ (இருதுருவ மனநிலை நோய்) இருந்தால் பெரும்பாலான ஆய்வுகள் சேர்ப்பதில்லை. நம் வீடுகளில் இது "சித்தப்பாவுக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லை, கல்யாணத்துக்கு அப்புறம் சரியாயிடுச்சு" என்ற வடிவில்தான் கிடைக்கும். பெயர் சூட்டப்படாத நோய்தான் என்றாலும் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். யாராவது மருத்துவமனையில் சேர்ந்தார்களா, மாதாமாதம் ஊசி போட்டார்களா என்று பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

தற்போதைய மருந்துகள். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியத்தோடு சைலோசைபின் போன்ற சைகடெலிக் (மாயத்தோற்றம் தரும் மருந்து) சேர்ந்தால் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உள்ளன, அதனால் அது கூடவே கூடாது. செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸடின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் சைலோசைபினின் விளைவை மந்தமாக்கலாம். பல ஆய்வுகள் அவற்றை நிறுத்தச் சொல்கின்றன. மற்றவற்றுக்குச் சுமார் 2 வாரம் போதும் என்றால், உடம்பில் நீண்ட நாள் தங்கும் ஃப்ளூவாக்ஸடினுக்கு 5 வாரமாவது ஆகும். ஓசிடிக்காரர்களுக்கு இந்த இடைவெளிதான் மொத்தப் பயணத்திலேயே ஆபத்தான பகுதி. அடங்கியிருந்த சடங்குகள் திரும்பும், தற்கொலை எண்ணம் எட்டிப் பார்க்கலாம். ஆய்வில் சேர்வது உறுதியாகும் முன் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். குறைக்கும்போது வாரம் ஒருமுறை யார் உங்களைப் பார்ப்பார், ஆய்வு கைவிட்டால் மாத்திரையை யார் மறுபடி தொடங்கித் தருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதயமும் ரத்தமும். சைலோசைபின் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் சில மணி நேரம் ஏற்றும். ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுருங்கி மீள எடுக்கும் நேரம்) நீண்டிருந்தால் சேர்க்க மாட்டார்கள். வாந்தி எடுக்கும் பழக்கமோ பேதி மாத்திரைப் பழக்கமோ உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். வாந்தியில் பொட்டாசியம் இறங்கும், பொட்டாசியம் இறங்கினால் க்யூடி நீளும். சைலோசைபினே குமட்டல் தரும். குமட்டலுக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் க்யூடியை இன்னும் நீட்டும். முந்தின நாள் வாந்தி எடுத்ததை மறைத்துக்கொண்டு போய்ப் படுப்பது இதயத்தோடு சூதாடுவது. சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட், சர்க்கரை ஆகியவற்றை மருந்து நாளுக்கு மிக நெருக்கத்தில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் பழைய ரிப்போர்ட் போதாது.

தயாரிப்பு அமர்வுகள்

பொதுவாக இரண்டு மூன்று அமர்வுகள், சேர்த்துப் பார்த்தால் ஆறு ஏழு மணி நேரம். மருந்து நாளில் கூட இருக்கப்போகும் அதே இருவர்தான் இதையும் நடத்த வேண்டும். வேறு யாரோ வருவார்கள் என்றால் காரணம் கேளுங்கள்.

தொடுவதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். பயம் வந்தால் கையைப் பிடிக்கலாமா, தோளைத் தொடலாமா, எதைத் தொடக் கூடாது என்பதை மருந்து எடுக்காத நாளில் முடிவு செய்து, எழுதிக் கையெழுத்திட வேண்டும். மருந்தின் பிடியில் நீங்கள் "சரி" என்று சொன்னாலும் அந்த எல்லை மாறக் கூடாது. கனடாவில் நடந்த எம்டிஎம்ஏ ஆய்வொன்றில் சிகிச்சையாளர் பாலியல் எல்லை மீறியது வெளிவந்தபின் இந்தத் துறையே இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அமர்வு வீடியோவில் பதிவாகிறதா, யார் பார்ப்பார் என்றும் கேளுங்கள். உடலைப் பற்றிய வெட்கத்தோடு வாழும் தோற்றக் கவலை, உணவுக் கோளாறு நோயாளிகளுக்கு இந்தப் பேச்சை அவசரப்படுத்தவே கூடாது.

தொடக்கக் கணக்கையும் இப்போதே எடுத்துவைக்க வேண்டும். ஓசிடிக்கு வை-பாக்ஸ் என்ற 10 கேள்வி அளவுகோல், மொத்தம் 40 மதிப்பெண். 16 முதல் நடுத்தரம், 24 முதல் கடுமை. அதைத் தவிர உங்கள் சொந்தக் கணக்கு ஒன்றும் வேண்டும்: குளியல் எத்தனை நிமிடம், கண்ணாடி முன் எத்தனை முறை, இரவுச் சாப்பாட்டை முடிக்க எவ்வளவு நேரம். பிறகு "நல்லா இருக்கிற மாதிரிதான் இருக்கு" என்ற மயக்கத்தை இந்த எண்கள்தான் தெளிய வைக்கும்.

மருந்து நாள்

காலையில் லேசான உணவு, பிறகு சில மணி நேர இடைவெளி. ஆனால் அனோரெக்ஸியா உள்ளவருக்கு இந்தப் பட்டினியே ஒரு சலுகைபோல இனிக்கும். சான் டியேகோ ஆய்வில் 2 பேருக்கு அறிகுறி எதுவுமில்லாமலேயே சர்க்கரை இறங்கியிருந்தது. 24 மணி நேரத்தில் சரியானது. ஆகவே காலை உணவு என்ன, மருந்தின் வேகம் அடங்கியதும் முதலில் என்ன குடிப்பது, இரவு என்ன சாப்பிடுவது என்று மூன்றையும் முன்தினமே உணவியலாளரோடு எழுதி வையுங்கள். மாலையில் "பசிக்கலை, எல்லாம் நிறைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொன்னாலும் எழுதியது எழுதியதுதான். சர்க்கரையை அமர்வின் முடிவில் ஒருமுறை குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேப்சூல் விழுங்கி அரை மணி நேரத்தில் தொடங்கும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் உச்சம். மொத்தம் 4 முதல் 6 மணி நேரம். கண்கட்டு, இசை, சாய்வுப் படுக்கை, இருவர் அருகில், ரத்த அழுத்தத்தை இடைவெளி விட்டுப் பார்ப்பது, அழைத்தால் ஓடிவரும் தூரத்தில் மருத்துவர். பயமும் அழுகையும் வருவது சகஜம். அப்போது எதிர்த்து நிற்காமல், வருவதை வரவிட்டு மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள்.

கழிப்பறைக் கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இந்த மருந்தின் உச்சத்தில் முகம் உருகி, நெளிந்து, வயதாகித் தெரியலாம். தோற்றக் கவலை உள்ளவர் அந்த நேரத்தில் கண்ணாடியைப் பார்த்துவிட்டால், பயந்தது நிஜம்தான் என்ற முடிவோடு வெளியே வரலாம். கண்ணாடியைத் துணியால் மூடச் சொல்லுங்கள். போனை உள்ளே கொண்டுபோக வேண்டாம், செல்ஃபி கேமராவும் கண்ணாடிதான்.

அன்று வண்டி ஓட்டக் கூடாது. வீட்டுக்கு அழைத்துப்போக ஒரே ஒருவர் வந்தால் போதும். அக்கா, அத்தை, பக்கத்து வீட்டார் என்று கூட்டம் சேர்ந்து "என்ன பார்த்தே, சாமி தெரிஞ்சுதா" என்று கேட்பது அன்றைக்கு வேண்டாம். மறுநாள் தலைவலி வரலாம், ஒரு நாளில் போய்விடும்.

மறுநாளிலிருந்து: உண்மையான வேலை

மருந்துக்குப் பின் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், மனம் வழக்கமான தடத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது. அந்தக் காலத்தை அனுபவத்தைப் பற்றிப் பேசியே கழித்துவிட்டால் வீண். ஓசிடி என்றால் இஆர்பி வேலையை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். சிகிச்சையாளரின் நேரத்தை முன்பே பதிவு செய்துவையுங்கள்.

கழுவும் ஓசிடிக்கு ஒரு ஏணி இப்படி இருக்கும். கழிப்பறைக் கதவின் கைப்பிடியை ஒரு விரலால் தொட்டு, 30 நிமிடம் கழுவாமல் இருப்பது: பயம் 40. முழுக் கையால் பிடித்துவிட்டு அதே கையால் சட்டையைத் தடவுவது: 55. அந்தக் கையோடு படுக்கையில் உட்கார்வது: 70. கழுவாமல் ஒரு பிஸ்கட் எடுத்துச் சாப்பிடுவது: 85. 40-இல் தொடங்கி, பயம் இருந்தாலும் சடங்கில்லாமல் இருக்க முடிகிறது என்று தெரிந்ததும் அடுத்த படிக்கு ஏறுங்கள். "மருந்து எடுத்தாச்சே" என்று நேரே 85-க்குத் தாவினால், அன்றிரவு ஒன்றரை மணி நேரக் குளியலில் முடியும்.

பயிற்சி கெடுவது பெரும்பாலும் வெளியில் தெரியாத சடங்குகளால்: மனதுக்குள் ஸ்லோகம் சொல்லிச் சுத்தம் செய்துகொள்வது, "பரவாயில்லை, சாயங்காலம் எப்படியும் குளிப்பேன்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்வது. அடுத்த காரணம் வீட்டார். "அம்மா, கேஸை மூடிட்டேனா?" என்று கேட்டால் "மூடிட்டே" என்பது அன்பான பதிலாகத் தெரியும், நோய்க்கு அது தீனி. "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்னு பேசி வெச்சிருக்கோம்ல, கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். தீட்டு, ஆசாரம் என்ற பெயரில் சடங்கு ஒளிந்திருந்தால், வீட்டுப் பெரியவர்கள் ஒருமுறை கழுவுவதையே எல்லையாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் இல்லை என்று சொல்ல வேண்டும்.

ஓசிடிக்கு இன்னொரு குணம் உண்டு. அது எதையும் தன் கையிலெடுத்துக்கொள்ளும், இந்தச் சிகிச்சையையும். "மூளை கெட்டுப்போச்சோ? சுவர் இன்னும் அசையுதோ? பைத்தியம் பிடிக்குதோ?" என்று மணிக்கொருமுறை தன்னையே சோதிப்பது புதுச் சடங்காகிவிடும். பார்வைக் கோளாறு நீடிப்பது அபூர்வமாக உண்டு, உண்மையிலேயே இருந்தால் ஆய்வு மருத்துவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். அதற்குப் பின் கூகுளில் தேடுவதும் சுவரை உற்றுப் பார்ப்பதும் கழுவுவதற்குச் சமமான சடங்கு. அவற்றையும் ஏணியில் சேர்த்துவிடுங்கள். "அனுபவத்தைச் சரியாக உள்வாங்கினேனா?" என்ற சந்தேகமும் இதே வகைதான்.

தோற்றக் கவலைக்குக் கண்ணாடிப் பயிற்சி. ஒரு கை தூரத்தில் நின்று, முழு உருவத்தையும் தலை முதல் கால் வரை தீர்ப்புச் சொல்லாமல் விவரித்து, 5 நிமிடத்தில் நகர்ந்துவிடுவது. முகத்தை ஒட்டிவைத்து ஒரு மருவையே பார்ப்பதும், பளபளக்கும் பைக் கண்ணாடி, லிஃப்ட் கதவு என்று திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வதும் நிற்க வேண்டும். முகக்கவசம், தொப்பி, தலைமுடியை முன்னால் இழுத்துவிடுவது எல்லாம் ஒளிவிடங்கள். வாரம் ஒன்றைக் கைவிடுங்கள்.

அனோரெக்ஸியாவில் வரும் சிக்கல் நுட்பமானது. "என் உடம்பை மன்னித்துவிட்டேன்" என்று கண்ணீரோடு சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும், தட்டில் இட்லி மட்டும் ஒன்றரைக்கு மேல் போகாது. பட்டினியில் இருக்கும் மூளை பட்டினியின் எண்ணங்களைத்தான் உற்பத்தி செய்யும். தெளிவு வந்ததா என்று தட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உணவுத் திட்டம், வாராந்திர எடை, ரத்தப் பரிசோதனை ஒன்றையும் தளர்த்தாதீர்கள். நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்டவர் உற்சாகத்தில் திடீரென்று அதிகம் சாப்பிட்டால் பாஸ்பேட் சரிந்து இதயமும் மூச்சும் தடுமாறலாம். அளவைக் கூட்டுவது மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான்.

பலன் வராதவர்களும் உண்டு. சான் டியேகோவில் பத்தில் ஆறு பேருக்கு அந்த அளவு மாற்றம் கிடைக்கவில்லை. கடைசி நம்பிக்கை என்று போனவர் வெறுங்கையோடு திரும்பும் வாரத்தில் தற்கொலை ஆபத்து உயரலாம். இது பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்பதை மருந்து நாளுக்கு முன்பே எழுதுங்கள்: ஓசிடிக்கான பழைய மாத்திரை குளோமிப்ரமின், எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையோடு சேர்க்கும் அரிப்பிப்ரசோல், ஓசிடிக்கு அமெரிக்காவில் 2018-இல் அங்கீகாரம் பெற்ற, மூளையைக் காந்தத்தால் தூண்டும் சிகிச்சை, தீவிர இஆர்பி முகாம். கெட்டமைன் இந்திய மருத்துவமனைகளில் மயக்க மருந்தாகச் சட்டப்படி உள்ளது. 2013-இல் வந்த ஒரு ஆய்வில் 15 ஓசிடி நோயாளிகளில், நரம்பு வழியாக ஒருமுறை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வாரம் வரை பலன் தெரிந்தது. திரும்பத் திரும்ப எடுத்தால் பழக்கமாகும், சிறுநீர்ப்பையைக் கெடுக்கும். மயக்கவியல் நிபுணர் இல்லாத இடத்தில் வேண்டாம்.

ஏற்கெனவே தானாக எடுத்துவிட்டவர் வீட்டில் இருந்தால்

தனியாக விடாதீர்கள். விளக்கைக் குறைத்து, சத்தத்தைக் குறைத்து, இது மருந்தால் வருவது, இறங்கிவிடும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருங்கள். அடக்க முயன்று கட்டிப்போடாதீர்கள், திட்டாதீர்கள், மேலும் மாத்திரை கொடுக்காதீர்கள். மாடிப்படி, பால்கனி, வண்டிச் சாவி மூன்றையும் கவனியுங்கள். வலிப்பு, நெஞ்சுவலி, உடம்பு விறைத்துக் காய்ச்சல், நினைவு தப்புதல் இருந்தால் உடனே 108. காளான் சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கினால் நச்சுக் காளானாக இருக்கலாம். இடையில் சரியானதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், மீந்த காளானை ஒரு காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். என்ன எடுத்தார், எப்போது, வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மறுநாளும் தூக்கமில்லாமல், தொடர்பில்லாமல் பேசிக்கொண்டிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.